வீட்டைச் சுத்தம் செய்ய ஓர் எக்ஸெல் அட்டவணை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் இணையம், பாட்டு, போட்டோ என்று எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிடுவார்கள். எக்ஸெல் பக்கம் மட்டும் போக மாட்டார்கள். அது ஆபீசில் கணக்கு எழுதுபவர்களுக்கு என்று ஓர் எண்ணம். திறந்தால் வெறும் கட்டங்கள்தான் தெரிகின்றன, அதில் எதைப் போட்டு நிரப்புவது? எல்லா வீட்டிலும் அதற்கு ஒரு விஷயம் இருக்கிறது. பெருக்குவது, துடைப்பது, பாத்ரூம் கழுவுவது, ஃபேன் துடைப்பது என்று முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் வேலைகள். இவற்றை வைத்தே எக்ஸெலில் தேதிக் கணக்கு, சார்ட், கண்டிஷனல் பார்மட்டிங் மூன்றையும் பழகிவிடலாம்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டம் போட்டு, திங்கள் ஃபேன், செவ்வாய் ஜன்னல், புதன் பாத்ரூம் என்று அழகாக வண்ணம் கொடுத்து, பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். இரண்டாவது வாரமே அது செத்துவிட்டது. எங்கள் பகுதியில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். அதற்குப் புதன்கிழமை என்று எந்தக் கணக்கும் கிடையாது. எனக்கு ஆபீசில் ரிலீஸ் இருக்கும் வாரத்தில் வீட்டுக்கு வருவதே இரவு பத்து மணிக்கு. ஒரு புதன் தவறினால் அந்த வேலை அடுத்த புதன்தான். அதுவும் தவறினால் பாத்ரூம் தரையில் வழுக்கும்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கிழமையைக் கட்டி வைத்ததுதான் கோளாறு. இந்த வேலையை எத்தனை நாளுக்கு ஒரு முறை செய்ய வேண்டும், கடைசியாக எப்போது செய்தோம் என்ற இரண்டு விவரம் போதும். அடுத்த தேதியைக் கம்ப்யூட்டர் சொல்லிவிடும்.

ஷீட்டைத் தயார் செய்வோம்

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்தலாம். மெனு பெயர்கள் கொஞ்சம் மாறும், முறை ஒன்றுதான். செல் பெயர்களையும் பார்முலாக்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யவும்.

முதல் வரிசையில் ஏ முதல் ஜி வரை உள்ள செல்களில் இந்தத் தலைப்புகளைக் கொடுக்கவும்: வேலை, எத்தனை நாளுக்கு ஒரு முறை, நிமிடம், யார், கடைசியாகச் செய்த தேதி, அடுத்த தேதி, மாத நிமிடம். இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு வரிசைக்கு ஒரு வேலை. முதல் ஐந்து பத்திகளை நீங்கள் நிரப்ப வேண்டும். கடைசி இரண்டு பத்திகளைப் பார்முலா நிரப்பும்.

எஃப்2 செல்லில் கிளிக் செய்து =இ2+பி2 என டைப் செய்து எண்டர் தட்டவும். கடைசித் தேதியுடன் நாட்களின் எண்ணிக்கை கூட்டப்பட்டு அடுத்த தேதி வரும். சில சமயம் தேதிக்குப் பதிலாக 46,000-ஐ ஒட்டிய ஓர் எண் வந்து நிற்கும். பயப்பட வேண்டாம். எக்ஸெல் 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்துக்கொண்டு நாட்களை எண்ணி வருகிறது. அதற்குத் தேதி என்பதே ஓர் எண்தான், அதனால்தான் கூட்ட முடிகிறது. அந்தச் செல்லில் ரைட் கிளிக் செய்து பார்மட் செல்ஸ் சென்று, டேட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. இதில் நானே அரை மணி நேரம் மாட்டிக்கொண்டேன். புதிய கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தால், மாதம் முதலிலும் தேதி பிறகும் இருக்கும். ஆகஸ்ட் 5 என்று நினைத்து 5/8 என டைப் செய்தால் அது மே 8 ஆகிவிடும். 25/8 எனக் கொடுத்தால் 25-வது மாதம் என்று ஒன்று இல்லாததால் எக்ஸெல் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். தேதி செல்லின் வலப்பக்கம் ஒட்டாமல் இடப்பக்கம் ஒட்டி நின்றால் இதுதான் காரணம், பார்முலாவும் பிழை காட்டும். கண்ட்ரோல் பேனலில் ரீஜன் சென்று, பார்மட் என்ற இடத்தில் இங்கிலீஷ் இந்தியா என மாற்றி, எக்ஸெலை மூடித் திறக்கவும். இன்றைய தேதியைப் போட வேண்டுமானால் டைப் செய்யவே வேண்டாம். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு செமிகோலன் கீயைத் தட்டினால் போதும்.

ஜி2 செல்லில் =30/பி2*சி2 எனக் கொடுக்கவும். இது எதற்கு என்று பிறகு பார்ப்போம். எஃப்2, ஜி2 இரண்டையும் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிசைக்கும் பார்முலா போய்விடும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை?

இந்தப் பத்தியை நிரப்பும்போது பக்கத்து வீட்டைப் பார்க்காதீர்கள். மெயின் ரோட்டைப் பார்த்த ஹால் ஜன்னலுக்கு 7 நாள் என்றால், உள்பக்க பெட்ரூம் ஜன்னலுக்கு 20 நாள் தாங்கும். பக்கத்து மனையில் கட்டட வேலை நடக்கிறதா? ஃபேனுக்குப் போட்ட 30 நாளைப் 15 ஆக்குங்கள். வேலை முடிந்ததும் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். எண்ணை மாற்றினால் தேதி தானே மாறும். சுவரில் ஒட்டிய அட்டவணையில் இது நடக்காது.

சில வேலைகளில் மட்டும் உங்கள் வசதிக்கு எண் போட முடியாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏழிலிருந்து பத்து நாட்கள் போதும். எனவே பூந்தொட்டியின் அடித்தட்டு, ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, ஏர்கூலர், மொட்டை மாடியில் கிடக்கும் பழைய வாளி எல்லாவற்றுக்கும் 7 என்றுதான் போட வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. அதன் முட்டைகள் பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

பாத்ரூம் வரிசையில் ஒரு குறிப்பும் சேர்த்துவிடுங்கள். அந்தச் செல்லில் இருந்தபடி ஷிப்ட் கீயுடன் எஃப்2 ஃபங்ஷன் கீயை அழுத்தினால் குறிப்பு எழுதச் சிறிய பெட்டி வரும். அதில் எழுத வேண்டியது: ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவை மூடிக்கொண்டு சின்ன பாத்ரூமில் நின்று தேய்ப்பவருக்கு அது விளையாட்டல்ல.

கம்ப்யூட்டருக்கும் ஒரு வரிசை போடுங்கள். 90 நாளுக்கு ஒரு முறை ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, சிபியு கேபினெட்டைத் திறந்து புளோயரால் தூசியை ஊதினால் போதும். ஊதும்போது உள்ளே உள்ள ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளவும். மானிட்டர் மேல் ஜன்னல் கண்ணாடி துடைக்கும் திரவத்தை அடிக்கவே வேண்டாம்.

எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளியில் ஒட்டடை அடிக்கக் கூடாது. உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும். அதற்காக அட்டவணையோடு சண்டை போட வேண்டாம். பார்மட் செல்ஸில் கஸ்டம் பகுதிக்குப் போய், அங்குள்ள தேதி அமைப்பின் முடிவில் இடைவெளி விட்டு ஆங்கில டி எழுத்தை மூன்று முறை சேர்த்தால் தேதியுடன் கிழமையும் தெரியும். வெள்ளி என்று வந்தால் சனிக்கிழமை செய்துகொள்ளலாம்.

இன்றைய வேலை மேலே வர

எஃப் பத்தியில் ஏதாவது ஒரு தேதியைக் கிளிக் செய்து, டேட்டா டேபில் சார்ட் ஓல்டஸ்ட் டு நியூவஸ்ட் கொடுத்தால் தாமதமான வேலை முதலிலும் நிதானமானது கடைசியிலும் வரும். பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்துவிட்டுச் சார்ட் செய்தால் எக்ஸெல் ஓர் எச்சரிக்கை காட்டும். அப்போது எக்ஸ்பேண்ட் த செலக்ஷன் என்பதையே தேர்ந்தெடுக்கவும். இல்லையெனில் மற்ற பத்திகள் சேர்ந்து இடம் மாறாது. தாமதமானவை சிவப்பில் தெரிய வேண்டுமா? தேதிகளைத் தேர்ந்தெடுத்து ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், லெஸ் தேன் எனச் சென்று, கேட்கும் இடத்தில் =டுடே() எனக் கொடுக்கவும்.

செய்யாத வேலைக்கு மட்டும் தேதி போட்டுவிடாதீர்கள். சிவப்பாகவே நிற்கட்டும். ஒரு மாதம் கழித்தும் ஒரே வரிசை சிவப்பாக இருந்தால், நாள் கணக்கு தவறு அல்லது ஆள் தவறு.

மாத நிமிடம்

ஆள் என்றதும் இப்போது ஜி பத்திக்கு வருவோம். நான் 14 வேலை எழுதிவிட்டு, வீடு முழுவதும் அடங்கிவிட்டது என்று நினைத்து அம்மாவிடம் காட்டினேன். "இதுல பாதிதான்டா இருக்கு" என்றார். காபி ஃபில்டர், மிக்ஸியின் அடிப்பக்கம், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அஞ்சறைப் பெட்டி, மிதியடி துவைப்பது, வியாழக்கிழமை விளக்கு தேய்ப்பது என்று சொல்லச் சொல்ல 25 வரிசை ஆனது. இந்த வீட்டில்தான் வளர்ந்தேன். இதில் சிலவற்றை ஒருவர் செய்துதான் ஆக வேண்டும் என்பதே எனக்குத் தோன்றியதில்லை.

பிறகு யார் என்ற பத்தியை வைத்துச் சார்ட் செய்தேன். ஒருவருடைய வரிசைகளில் உள்ள மாத நிமிடங்களை மவுசால் தேர்ந்தெடுத்தால், எக்ஸெலின் அடியில் உள்ள பட்டையில் கூட்டுத்தொகை தெரியும். அம்மாவுக்கு 3,240 நிமிடம், அதாவது மாதத்துக்கு 54 மணி நேரம். என் மனைவிக்கு 990. எனக்கு 235, நான்கு மணி நேரம்கூட இல்லை. ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கும் அப்பாவுக்கு 64. இதில் சமையல் சேரவில்லை, சுத்தம் செய்வது மட்டும். ஃபேனும் பாத்ரூமும் என்னுடையது என்பதால் கஷ்டமான வேலையெல்லாம் நான்தான் செய்கிறேன் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். ஃபேன் மாதம் ஒரு முறை. பாத்திரம் தினம் இரண்டு முறை, ஒவ்வொன்றும் 25 நிமிடம். ஒரு முறைக்கே 30-ஐ 1-ஆல் வகுத்து 25-ஆல் பெருக்கினால் 750 வருகிறது.

அம்மாவுக்கு முழங்கால் வலி இரண்டு வருடமாக இருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தரை துடைப்பது அவர் கணக்கில் 450 நிமிடம்.

பிரிண்டை அப்பா வெகு நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு, குச்சி வைத்த மாப் ஒன்று வாங்கி வந்திருந்தார். இரவுப் பாத்திரத்தை நான் எடுத்துக்கொண்டேன். "நீ தேய்ச்சா நான் மறுபடி தேய்க்கணும்" என்று முதல் வாரம் அம்மா அப்படியே செய்தார். மூன்றாவது வாரத்திலிருந்து அடி பிடித்த பால் பாத்திரத்தை மட்டும் பார்க்கிறார். யார் என்ற பத்தியில் இரண்டு பெயரை மாற்றியதும் அவர் கணக்கு 2,040 ஆனது, அதாவது 34 மணி நேரம். எனக்கு 985, அப்பாவுக்கு 514. இன்னும் சமம் இல்லை என்பது எண்ணிலேயே தெரிகிறது.

இதற்காகத்தான் காலைப் பாத்திரம், இரவுப் பாத்திரம் என்று தனித்தனி வரிசையாகப் போடச் சொல்வேன். ஒரே வரிசையாக இருந்தால் பிரித்துக் கொடுக்கத் தோன்றாது. வீட்டு வேலைக்கு ஒருவர் வருகிறார் என்றால் அவர் பெயரையும் போடுங்கள். அவர் லீவு எடுக்கும் நாளில் யார் செய்வது என்பதையும் அப்போதே பேசிவிடலாம். அவரை வேவு பார்க்க இந்த ஷீட்டைப் பயன்படுத்துவது எனக்குப் பிடிக்காது.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். அம்மா கம்ப்யூட்டர் பக்கம் வர மாட்டார். எனவே ஞாயிறு இரவு சார்ட் செய்து, அந்த வாரத்துக்கான வரிசைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, பேஜ் லேஅவுட் டேபில் பிரிண்ட் ஏரியா, செட் பிரிண்ட் ஏரியா கொடுத்து ஒரே தாளில் எடுக்கிறேன். சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி, ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். செய்தவர் தேதியை எழுதுவார், நான் வாரக் கடைசியில் ஷீட்டில் ஏற்றுவேன். போன வாரத் தாளின் அடியில் அம்மா புதிதாக ஒரு வரி எழுதியிருந்தார்: கம்ப்யூட்டர் டேபிளுக்கு அடியில் ஒயர்களுக்கு நடுவே பெருக்க வேண்டும், வாரம் ஒரு முறை. யார் என்ற இடத்தில் என் பெயரையும் அவரே எழுதிவிட்டார்.