வாலில் இறக்கை... காலில் ஸ்பிரிங்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் முட்டுக்காடு பாலத்தைத் தாண்டி மாமல்லபுரம் பக்கம் போய்ப் பாருங்கள். துணி காயப்போடுகிற ஸ்டாண்டை முதுகில் கட்டிக்கொண்ட மாதிரி இறக்கை வைத்த கார்கள் சில, சர்ரென்று பறக்கும். கேட்டால், "ரேஸ் செட்டப் சார்!" என்பார்கள்.

சரி, இறக்கை வைத்தாச்சு. ஸ்பிரிங்கை என்ன செய்தீர்கள்?

"ஸ்பிரிங்கா? அது எதுக்கு?" என்பவர் அப்பாவி. "ரெண்டு சுத்து அறுத்துட்டோம், வண்டி தாழ்வா நிக்குது பாருங்க!" என்பவர் இருக்கிறாரே... அவர்தான் ஆபத்தானவர்!

ஏரோப்ளேன் இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்தால் கார் இறக்கை. அது விமானத்தைத் தூக்கும். இது காரை ரோட்டோடு அமுக்கும். அமுக்கினால் டயருக்குப் பிடிப்பு. பிடிப்பு இருந்தால் வளைவில் வேகம். ஆனால், வேகம் இரண்டு மடங்கானால் இந்த அமுக்கம் நாலு மடங்காகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் 20 கிலோ அமுக்குகிற இறக்கை, 160-ல் 80 கிலோ அமுக்கும். மீட்டர் வட்டியே தோற்றுப்போகும்!

பி.காம். படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும்... இது டபுள் என்ட்ரி சமாசாரம். பின்னால் வரவு வைத்தால், முன்னால் பற்று எழுதியே ஆகவேண்டும். இறக்கை, பின்சக்கரத்துக்கு அரை மீட்டர் பின்னால் இருக்கிறது; முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சீசா பலகை கணக்குதான். 80 கிலோ அமுக்கினால் பின்சக்கரங்களில் 96 கிலோ ஏறும். முன்சக்கரங்களில் 16 கிலோ குறையும். நம் ஊர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றில் வண்டியை இழுப்பதும் முன்சக்கரம், திருப்புவதும் முன்சக்கரம். அதன் பிடியைக் குறைக்கத்தான் காசு கொடுத்திருக்கிறோம்!

இனி ஸ்பிரிங். பின்பக்க ஸ்பிரிங் இரண்டும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் அமுங்க 4 கிலோ தேவை என்றால், 96 கிலோவுக்கு 24 மில்லிமீட்டர் - ஏறக்குறைய ஒரு இன்ச் - வால் உட்காரும். மூக்கு நிமிரும். நிமிர்ந்த மூக்குக்கு அடியில் காற்று புகுந்து இன்னும் தூக்கப் பார்க்கும். அறுத்த ஸ்பிரிங்காக இருந்தால் கேட்கவே வேண்டாம். உள்ளே இருக்கிற ரப்பர் ஸ்டாப்பரில் போய் வண்டி உட்கார்ந்துவிடும். அந்த நேரம் பார்த்து வளைவில் ஒரு சின்னப் பள்ளம் வந்தால் போதும்... டயர் துள்ளும், வால் தனியாகக் கிளம்பிவிடும்.

இதில் கொம்பன்களே அடிபட்டிருக்கிறார்கள். 1968-ல் லோட்டஸ் கம்பெனி, 'ஸ்பிரிங் அமுங்கினால்தானே தொல்லை' என்று, ஆளுயர இறக்கையைத் தூண் வைத்து நேராகச் சக்கரத்தின் மேலேயே பொருத்தியது. மூளை என்னவோ பிரமாதம்தான்! 1969 மே 4, பார்சிலோனா. ஒரே பந்தயத்தில் கிரஹாம் ஹில், யோகன் ரிண்ட் இருவரின் இறக்கையும் முறிந்து, இரண்டு கார்களும் நொறுங்கின. உயிர் பிழைத்தது அதிர்ஷ்டம். அந்த மாதமே உயர இறக்கைக்குத் தடை. பிறகு, இறக்கையை பாடியோடுதான் பொருத்த வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. அதாவது, அதன் பாரத்தை ஸ்பிரிங்தான் சுமந்தாக வேண்டும்!

2022-ல் காரின் அடிப்பக்கக் காற்றை நம்பிப் புது ஃபார்முலா ஒன் கார்கள் வந்தபோதும் இதே கதைதான். நேர் ரோட்டிலேயே குதிரை மாதிரி குதித்தன. பாகு பந்தயம் முடிந்து ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

அப்படியானால் முறை என்ன?

முதலில், இறக்கை வேலை செய்யாத மெதுவான வளைவுகளில் ஸ்பிரிங்கை வைத்து வண்டியைச் சமன் செய்யவேண்டும். அப்புறம்தான் வேகமான வளைவில் இறக்கையின் சாய்வை மாற்றிப் பார்ப்பது. பின்னால் இறக்கை என்றால் முன் பம்பருக்குக் கீழேயும் ஒரு தகடு வேண்டும். அந்தத் தகட்டுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி மாறாமல் இருக்க, முன் ஸ்பிரிங்கும் கொஞ்சம் கடினமாக வேண்டும். பின் ஸ்பிரிங்கை 4-லிருந்து 6 ஆக்கினால் 24 மில்லிமீட்டர் இறக்கம் 16 ஆகும். ஆனால், அளவு மீறினால் மெதுவான வளைவில் வால் வழுக்கும். ஸ்பிரிங்கை மாற்றினால் ஷாக் அப்சார்பரும் அதற்கு ஜோடியாக மாறவேண்டும்.

ஷாக் அப்சார்பர் தண்டில் ஒரு பிளாஸ்டிக் டை கட்டிவிடுங்கள். ஓடி முடித்ததும் அது நகர்ந்த தூரம், ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியது என்று சொல்லிவிடும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். நோட்டில் எழுதி வையுங்கள்.

"இவ்வளவும் எதுக்கு சார், இறக்கை சும்மா அழகுக்கு!" என்கிறீர்களா? மாமல்லபுரத்து ஐந்து ரதங்களும் அழகுதான். ஏழாம் நூற்றாண்டிலிருந்து ஓர் அடி நகரவில்லை, ஒருத்தரையும் இடிக்கவில்லை!

ஓட்டித்தான் பார்க்க வேண்டும் என்றால், அதற்கும் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஒரு காலத்தில் இந்தியாவின் ரேஸ் தலைநகரம். சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. பிறகு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகவே பந்தயத் தடம் போட்டது. 1990 முதல் அங்கேதான் பந்தயம். இன்று அந்த ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்தில். முழுச் சுற்று 3.7 கிலோமீட்டர், வேக வளைவும் உண்டு, மெது வளைவும் உண்டு. இறக்கைக்கும் ஸ்பிரிங்குக்கும் பொருத்தம் பார்க்க அதுதான் சரியான இடம்.

அங்கே உங்கள் கணக்கு தப்பினால் ஓடி நிற்கக் காலி நிலம் இருக்கிறது. ஈ.சி.ஆரில் கணக்கு தப்பினால் எதிரே இருப்பது, மீன்கூடையோடு ரோட்டைக் கடக்கிற ஆயா!