எஞ்சினுக்கு என்ன ஆச்சு?

எம்.ஜி.பி. ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் செய்தார்கள். அதில் கணினி கிடையாது. எஞ்சின் திணறினால் காரணத்தை நாம்தான் தேடணும்.

கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும். ஸ்பார்க் பிளக் தீப்பொறி தரும். உடனே கலவை எரியும்; எஞ்சின் ஓடும்.

இந்த எஞ்சினில் நான்கு பிளக்குகள் உண்டு. டாக்டர் நம் நாக்கைப் பார்ப்பது போல, மெக்கானிக் பிளக்கின் நுனியைப் பார்ப்பார். எஞ்சின் ஆறிய பிறகுதான் கழற்றுவார்!

இளம்பழுப்பா இருக்கா? கலவை சரி.
கரி படிஞ்சிருக்கா? பெட்ரோல் அதிகம்.
வெள்ளையா இருக்கா? பெட்ரோல் குறைவா இருக்கலாம்.

கரி படிஞ்ச பிளக்கை மாற்றினால் போதுமா? போதாது. கார்புரேட்டரையும் சரிசெய்யணும். இல்லைன்னா புது பிளக்கிலும் கரி படியும்!