நாய்க்கு உகந்த பரிசு எது?

இரணைமடுக் குளத்து நீர் பாயும் வட்டக்கச்சியில், வயலையும் வளவையும் காக்க நாய் வளர்ப்போர் பலர். நள்ளிரவில் பன்றியின் அரவம் கேட்டுக் குரைக்க அதற்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் பாம்பைத் துரத்திப் பற்றைக்குள் பாயும் வேளையில், "வா" என்றழைத்தால் திரும்புமா? அப்பழக்கமே அதன் உயிரைக் காப்பது. அதனைக் கற்பிக்க ஏற்ற கருவி பரிசு.

பரிசென்றால் உணவுதான் என்று எண்ணற்க. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின், வடபகுதியில் கண்ணிவெடி அகற்றும் பணியில் நாய்களும் ஈடுபட்டன. வெடிமருந்தின் வாசனையை முகர்ந்ததும் அசையாது அமர்ந்து காட்டுவதே அத்தகைய நாய்களின் கடமை. அதற்குப் பரிசாகப் பெரும்பாலும் அளிக்கப்படுவது ஒரு றப்பர் பந்தும் சிறிதுநேர விளையாட்டுமே! பந்தில் பேரவா கொண்ட நாய்க்கு அதுவே பெரும் பேறு.

ஆகவே, பரிசைத் தேர்பவர் நாமல்லர், நாயே. அவித்த ஈரல், முட்டை, பாண் ஆகியவற்றில் ஒவ்வொரு துண்டைத் தனித்தனியே வைத்துப் பாருங்கள். சில நாட்கள் தொடர்ந்து எதனை முதலில் நாடுகிறதோ, அதுவே உயர்ந்த பரிசு. அதனை "வா" என்னும் கட்டளைக்கென ஒதுக்குங்கள். முற்றத்தில் "இரு" என்பதற்குப் பாண் துண்டு போதும். துண்டு கடலையளவாக இருக்கட்டும். வயிறு நிறைந்த நாய் பாடம் கேளாது. வெங்காயம் சேர்ந்த கறியும், சொக்கலேற்றும், முந்திரிகைப் பழமும் நாய்க்கு நஞ்சு; சமைத்த எலும்போ பிளந்து குடலைக் கிழிக்கக்கூடும்.

பரிசின் தரத்தைப் போன்றே காலமும் முக்கியம். இன்பம் தரும் பயனைப் பெற்ற செயலே மீண்டும் நிகழும் என்பதை அமெரிக்க உளவியலாளர் தோண்டைக் 1911ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். செயல் முடிந்த மறுகணமே பரிசு கிடைத்தல் வேண்டும். அடுக்களைக்குச் சென்று எடுத்து வருவதற்குள், எதற்காகப் பெறுகிறோம் என்பது நாய்க்கு விளங்காது போகும். பழக்கம் வேரூன்றியபின், சில வேளைகளில் மட்டும் கொடுத்தாலும் அது நிலைக்கும்.

பலரும் இழைக்கும் தவறொன்றுண்டு. பலமுறை அழைத்தபின் தாமதித்து வரும் நாயைச் சினந்து அடிக்கிறோம். நாய் கற்கும் பாடம் யாது? "எசமானிடம் வந்தால் அடி விழும்" என்பதே! மறுநாள் அது வருவதெங்ஙனம்?

எவ்வளவு தாமதித்து வந்தாலும், வந்த நாயை இன்சொல்லோடு வரவேற்று அதற்குரிய துண்டைக் கொடுங்கள். மாலையில் ஐந்து நிமிடம் போதும். வீட்டுச் சிறுவர்களும் இதனைப் பழக்கலாம். என்றோ ஒருநாள், பற்றையோரத்தில் நீங்கள் எழுப்பும் ஒரே குரல் அதனைக் காப்பாற்றும்.