கண்ணசைவுச் சிகிச்சையும் ஊவாத் தோட்டங்களின் சிறுவயது மனவடுவும்

சிறுவயதில் நேர்ந்த பேரிழப்போ வன்முறையோ, ஆண்டுகள் கடந்த பின்னும் இன்றுதான் நடப்பதுபோல் நினைவில் மீண்டெழுந்து உறக்கத்தையும் படிப்பையும் உறவுகளையும் குலைக்கும் நிலையை இலங்கைத் தமிழ் உளமருத்துவ எழுத்துகள் மனவடு என்று குறிக்கின்றன. அதற்கு நெருங்கியதாயினும் வேறான இன்னொரு காயமும் உண்டு. குழந்தை தன்னைப் பேணுபவரோடு கொள்ளும் பிணைப்பு திரும்பத் திரும்ப அறுபடும்போதும், பேணுபவரே அச்சத்துக்குக் காரணமாகும்போதும், பிறரை நம்பும் ஆற்றலே சிதைகிறது என்பதைப் பிரித்தானிய உளமருத்துவர் ஜோன் போல்பி 1969 முதல் வெளியிட்ட மூன்று தொகுதிகளில் விரிவாக விளக்கினார்.

ஊவா மாகாணத்தின் தேயிலைத் தோட்டங்களில் இவ்விரு காயங்களும் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான ஒரே லயத்தில், சில வேளைகளில் ஒரே பிள்ளையிடம், காணக்கூடியவை. 2014 ஒக்டோபர் 29 காலையில், பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்ல பிரிவில் கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, பாடசாலைக்குச் சென்றிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் சிலர் பெற்றோரை இழந்தனர்; அந்நிலம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தும் குடும்பங்கள் அங்கேயே வாழ விடப்பட்டிருந்தன என்பது அத்துயரை மேலும் கனக்கச் செய்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையிலும் இம்மாவட்டத்தில் மண்சரிவுகள் உயிர்களைப் பறித்தன. செய்தியாகாமல் நிகழும் காயங்கள் இவற்றிலும் மிகுதி. தோட்ட வேலைக்குக் கிடைக்கும் நாட்கூலி போதாமையால் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் செல்லும் தாயை ஆண்டுக்கணக்கில் காணாது வளரும் குழந்தை, குடித்துவிட்டு வரும் தந்தையின் காலடி ஓசைக்கே உடல் நடுங்கும் பிள்ளை, படிக்கும் வயதில் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டு, அடிபட்டுத் திரும்பிய சிறுமி ஆகியோரின் துன்பம் பெரும்பாலும் பிடிவாதம், சோம்பல், பேய்க்கோளாறு என்றே பெயர் பெறுகிறது. பிரிந்து சென்ற தாயின் மீது பழி சுமத்துவது எளிது. ஆனால் அவளை அனுப்பியது லயத்து வறுமையே என்பதால், பிள்ளைக்குத் துணை வேண்டுமே தவிர தாய்க்குத் தண்டனை வேண்டியதில்லை.

இக்காயங்களுக்கு மருந்தாக அண்மைக் காலத்தில் பெரிதும் பேசப்படும் கண்ணசைவுச் சிகிச்சை, ஈ.எம்.டி.ஆர். என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுவது. அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷப்பிரோ 1987இல் இதன் அடிப்படையைக் கண்டு 1989இல் முதல் ஆய்வை வெளியிட்டார். சிகிச்சை பெறுபவர் துன்ப நினைவின் ஒரு காட்சியையும், அதனோடு ஒட்டிய எண்ணத்தையும் உடலுணர்வையும் மனத்தில் நிறுத்திக்கொண்டு, சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமும் அசைவதைக் கண்களால் பின்தொடர்கிறார். சிறு பிள்ளைகளுக்கும் கண் நோயுள்ளோருக்கும் கைகளில் மாறி மாறித் தட்டுவதும் உண்டு. துன்பத்தின் அளவை 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொல்லி, அது தணியும் வரை இது தொடர்கிறது. எனினும் விரலசைவு, எட்டுக் கட்டங்களுள் இடையில் வருவது மட்டுமே: அதற்கு முன் வாழ்க்கை வரலாறு கேட்டறியப்பட வேண்டும், மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சி கற்பிக்கப்பட வேண்டும், அதற்குப் பின், ஒவ்வோர் அமர்வும் பாதுகாப்பாக முடிக்கப்பட வேண்டும். நினைவு அழிக்கப்படுவதில்லை, அதன் கூர்மையே மழுங்குகிறது. நினைவை ஏந்தியபடியே கண்ணையும் இயக்கும்போது மனத்தின் செயல்நினைவு இரண்டுக்கும் பகிரப்படுவதால் காட்சியின் வலிமை குன்றுகிறது என்பது ஒரு விளக்கம். ஆயினும் கண்ணசைவு உண்மையில் இன்றியமையாததா என்ற விவாதம் அறிஞர்களிடையே இன்னும் ஓயவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டல், நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்க்கு, சிறுவர் பெரியவர் இருசாராருக்கும், இச்சிகிச்சையையும் மனவடுவை மையப்படுத்திய அறிகை நடத்தைச் சிகிச்சையையும், அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் முறையையும், பரிந்துரைத்தது. பிணைப்புக் காயத்துக்கு அதே அளவு உறுதியான சான்று இல்லை. அங்கே நிலையான, அன்பான, நாள்தோறும் உடனிருக்கும் ஒரு பெரியவரின் பேணுதலே முதன்மையான மருந்து, சிகிச்சை அதற்குத் துணை. 2004 கடற்கோளுக்குப் பின் ஈ.எம்.டி.ஆர். மனிதாபிமான உதவித் திட்டத்தினர் இலங்கையின் உளவளத்துணையாளர்களுக்கு இம்முறையில் பயிற்சி அளித்தனர். அதே பேரழிவுக்குப் பின் வடகிழக்கில் 31 பிள்ளைகளுக்கு, ஆறு அமர்வுகளில், வாழ்க்கைக் கதையை முறையாகச் சொல்லவைக்கும் சிகிச்சையையும் தியானத்தோடு கூடிய தளர்வுப் பயிற்சியையும் உள்ளூரில் பயிற்சி பெற்றவர்களே வழங்கினர். 2009இல் வெளியான அவ்வாய்வில் இரண்டு வழிகளிலும் பெரும்பாலான பிள்ளைகள் ஆறு மாதங்களில் தேறியிருந்தனர். சிறிய ஆய்வேயாயினும், விரலசைவைவிடப் பிள்ளையின் மொழியறிந்த, முறையாகப் பழகிய மனிதரே முக்கியம் என்று கருத அது இடந்தருகிறது.

ஆபத்துகளும் உள்ளன. மூடிக்கிடந்த நினைவு திடீரென்று திறக்கும்போது, அடுத்த சில நாட்களுக்குக் கெட்ட கனவும் பதற்றமும் கூடலாம். தன்னுணர்வு விலகிப் போகும் இயல்புடையோருக்கும், தற்கொலை எண்ணம் உள்ளோருக்கும், வலிப்பு நோயாளருக்கும் உளமருத்துவரின் முன்மதிப்பீடு கட்டாயம் வேண்டும். இன்னும் அடிக்கப்படும் பிள்ளைக்கு அடியின் நினைவைத் தணிக்க முயல்வது சிகிச்சையன்று. முதலில் அடி நிறுத்தப்பட வேண்டும். ஒரே நாளில் குணமாக்குவதாக உறுதி கூறுபவரையும், குறுகிய காலப் பயிற்சிச் சான்றிதழை மட்டும் காட்டிப் பணம் கேட்பவரையும், மறந்துபோன கொடுமை ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று பிள்ளையின் வாயில் சொற்களைத் திணிப்பவரையும் விட்டு விலகுதல் நலம். நினைவின் கூர்மை மழுங்குவது சாட்சியத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், பொலிஸ் முறைப்பாடு நிலுவையில் இருந்தால் அதைச் சிகிச்சையாளரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். மண்சரிவு முகாம்களில் பிள்ளைகளை வட்டமாக அமர்த்தி நடந்ததை விவரிக்கச் சொல்வதையும், முதல் மாதத்தில் அச்சத்துக்கென்று தூக்க மாத்திரை வகை மருந்து கொடுப்பதையும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்கள் தவிர்க்கச் சொல்கின்றன.

உரிமைகளைப் பொறுத்தவரை, 1991இல் இலங்கை ஏற்ற ஐ.நா. சிறுவர் உரிமைகள் சாசனத்தின் 39ஆம் உறுப்புரை, வன்முறைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளான பிள்ளை உடலாலும் உள்ளத்தாலும் மீண்டெழ உதவுவதை அரசின் கடமையாக்குகிறது. அரச வைத்தியசாலையின் சேவை இலவசம் என்பதால், தோட்ட டிஸ்பென்சரியின் வைத்திய உதவியாளரிடம் கடிதம் பெற்றோ, நேரடியாகவோ, பதுளை போதனா வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவை அணுகலாம். இம்மாவட்டத்தின் ஹல்துமுல்ல, ஹப்புத்தளை, பண்டாரவளை முதலிய பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை; ஆகவே தமிழில் பேசும் வசதி சலுகையன்று, உரிமை. தாயின் வேதனையைச் சிங்களத்தில் எடுத்துச் சொல்லும் வேலையை அவளுடைய பிள்ளையிடமோ லயத்தின் பக்கத்து அறையான பக்கத்துக் காம்பரா ஆளிடமோ சுமத்துவது இரகசியத்தையும் மானத்தையும் காவு கொள்ளும். சிகிச்சை எத்தகையது, எத்தனை அமர்வு, யார் அறிவார் என்று கேட்கவும், எந்நேரமும் நிறுத்தச் சொல்லவும் சிகிச்சை பெறுபவருக்கு உரிமை உண்டு.

கொடுமை நடந்துகொண்டிருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற எண்ணுக்கு எந்நேரமும் தமிழில் அறிவிக்கலாம். உளநல உதவிக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 உள்ளது. மொழி மறுக்கப்பட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிலும், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பதுளைப் பிராந்திய அலுவலகத்திலும், தனியார் நிலையத்தின் மீது குறையிருந்தால் தனியார் சுகாதாரச் சேவைகளை ஒழுங்குபடுத்தும் சபையிலும் முறையிடலாம். மாவட்டத்தின் வைத்தியசாலைகளில் தமிழ் பேசும் உளவளத்துணையாளர் எத்தனை பேர், மனவடுச் சிகிச்சையில் பயிற்சி பெற்றோர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு எழுத்தில் விடை பெறத் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழி திறந்து வைத்திருக்கிறது. தோட்டத் தொழிற்சங்கங்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் அக்கேள்வியை இவ்வாண்டே கேட்க வேண்டும்.