கல்லூரிப் பணிச்சோர்வு: வழிகாட்டி எதுவரை, உரிமை எதுவரை

பணிச்சோர்வு என்பது முறையாகக் கையாளப்படாத நீண்டகாலப் பணி நெருக்கடியால் விளையும் நிலை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு இப்படித்தான் அதை வரையறுக்கிறது. நோய்களின் வரிசையில் அதைச் சேர்க்கவில்லை. உடலும் மனமும் வற்றிப்போதல், செய்யும் வேலையின் மேல் கசப்பும் விலகலும், வேலைத்திறன் குன்றிவிட்டது என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள்.

கல்லூரியில் இது மெல்லத்தான் தலைகாட்டும். ஆண்டுதோறும் பாடக்குறிப்பைப் புதுப்பித்தவர் பழையதையே எடுத்து வாசிப்பார். சந்தேகம் கேட்டு வரும் மாணவரைக் கண்டாலே எரிச்சல் வரும். தேர்வுப் பிரிவு எழுத்தர் ஒரே மதிப்பெண் பட்டியலை மூன்று முறை சரிபார்த்தும் நிம்மதி இல்லாமல் இருப்பார். சாதாரணக் களைப்பு விடுமுறையில் தீரும். பணிச்சோர்வோ கல்லூரி திறந்த சில நாட்களிலேயே திரும்பி வரும். வேலையைத் தாண்டி, பிடித்த எதிலுமே நாட்டமின்மை, தூக்கமும் பசியும் கெடுதல், சாவைப் பற்றிய எண்ணம் என்று நீண்டால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அப்போது போக வேண்டியது மருத்துவரிடம்.

காரணத்தை மனிதரிடம் தேடுவதற்கு முன் வேலையில் தேட வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைகளின்படி முழுநேர ஆசிரியரின் பணி வாரத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம். இதில் நேரடிக் கற்பித்தல் உதவிப் பேராசிரியருக்கு 16 மணி நேரம், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. மிச்சம் ஆய்வுக்கும் தயாரிப்புக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடைமுறையில் நாக் தரமதிப்பீட்டுக் கோப்புகள், என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கான தரவு, அகமதிப்பெண் பதிவேற்றம், தேர்வறை மேற்பார்வை, விடைத்தாள் திருத்தம் ஆகியவை அதை விழுங்கிவிடுகின்றன. சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் கோடையில் ஊர் ஊராகப் போய் அட்மிஷன் பிடிக்கும் வேலையும் ஆசிரியர் தலையில்தான். கௌரவ விரிவுரையாளருக்கு இவற்றோடு அடுத்த ஆண்டு வேலை உண்டா என்ற கவலையும் சேர்கிறது. மானியக் குழு 2019-இல் அவர்களுக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. பலர் கையில் வருவது அதற்கு வெகு கீழே. அலுவலகங்களில் ஓய்வு பெற்றவரின் இடம் நிரப்பப்படாமல், அவர் வேலை பக்கத்து மேசைக்காரரிடம் வந்து சேர்கிறது. இவரைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

இந்தத் துறையில் முன்னோடியான உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லீட்டருடன் சேர்ந்து பணிச்சோர்வின் ஊற்றுகளாக ஆறு இடங்களைக் காட்டினார். வேலைப்பளு அவற்றில் ஒன்று மட்டுமே. தன் வேலையில் தனக்குள்ள அதிகாரம், கிடைக்கும் மதிப்பு, சக ஊழியர் உறவு, நியாயம், விழுமியங்கள் ஆகியவை மற்ற ஐந்து. நாக் குழு வரும் வாரத்தில் உழைத்துக் களைத்தவரைவிட, அந்த உழைப்புக்கு வேறொருவர் பெயர் எழுதப்பட்டதைக் கண்டவர் வேகமாக உடைந்துபோவது இதனால்தான்.

‘கோச்’ எனப்படும் பணி வழிகாட்டியின் உதவி இங்கே ஓரளவு பயன்படும். நல்ல வழிகாட்டி அறிவுரை சொல்வதில்லை, கேள்வி கேட்பார். இரண்டு வாரம் நேரம் எங்கே போகிறது என்று குறித்துவரச் சொல்வார். எந்தக் குழுவிலிருந்து விலகலாம், துறைத்தலைவரிடம் எதை எப்படிக் கேட்கலாம் என்று சேர்ந்து யோசிப்பார். காலியிடத்தை நிரப்ப அவரால் ஆகாது. பளுவைக் குறைக்காமல் வழிகாட்டியை மட்டும் அழைத்து வரும் நிர்வாகம், குறை ஊழியரிடம்தான் என்று சொல்லாமல் சொல்கிறது. அது அநீதி.

ஆபத்து ஒன்றும் உண்டு. இந்தியாவில் வழிகாட்டியாகத் தொழில் செய்ய உரிமம் தேவையில்லை. மனநல மருத்துவர் மருத்துவக் கவுன்சிலிலும், மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலிலும் பதிவு பெற்றிருக்க வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சிகிச்சை அளிப்போரை ரகசியம் காக்கக் கட்டுப்படுத்துகிறது. வழிகாட்டியைக் கட்டுப்படுத்துவது ஒப்பந்தம் மட்டுமே. கல்லூரி பணம் கொடுக்கும்போது, பேசியதில் எது முதல்வர் மேசைக்குப் போகும் என்பதை முதல் சந்திப்புக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குவது அவசியம்.

அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் மனநலச் சேவையைப் பெறும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. 21-ஆம் பிரிவு மனநோய்க்கும் உடல்நோய்க்கு நிகரான காப்பீடு வேண்டும் என்கிறது. பணிச்சோர்வின் உச்சத்தில் பலர் செய்வது ராஜினாமா. அதற்கு முன் மருத்துவச் சான்றுடன் விடுப்பு கேட்பது நல்லது. நிரந்தரப் பணியாளர் ஐந்து ஆண்டு தொடர் பணி முடிக்காமல் விலகினால் பொதுவாகப் பணிக்கொடையும் போய்விடும். ஆசிரியருக்கும் பணிக்கொடை உண்டு என்பதைப் பணிக்கொடைச் சட்டத்தின் 2009 திருத்தம் 1997 முதலே செல்லுபடியாக்கியது. 1976-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம், அதன் வரம்புக்குள் வரும் கல்லூரி தகுதிவாய்ந்த அதிகாரியின் முன் அனுமதியின்றி ஆசிரியரைப் பணிநீக்கம் செய்வதைத் தடுக்கிறது. கூடுதல் வேலையைக் குறைக்கக் கோரும் கடிதம் தேதியுடன் எழுத்தில் இருக்கட்டும். தனியாக நிற்க முடியாதவருக்கு மூட்டா, ஏ.யு.டி. போன்ற ஆசிரியர் சங்கங்கள் உள்ளன.

நிர்வாகம் செய்யக்கூடியவை செலவு அதிகம் பிடிக்காதவை. ஒரே தரவை நான்கு படிவங்களில் கேட்பதை நிறுத்தலாம். குழுப் பணிகளைக் கால அட்டவணையில் மணிக்கணக்காகச் சேர்க்கலாம். இரவு வாட்ஸ்அப் உத்தரவுகளைக் காலைக்குத் தள்ளலாம்.

நிலைமை கைமீறும் என்று தோன்றினால் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணமில்லை, நாள் முழுவதும் இயங்கும், தமிழிலேயே பேசலாம்.