வேலிக்கு உள்ளே வெளிநாடு

காரின் முன்விளக்கிலிருந்து பின்கதவு வரை மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பிக் கட்டுக்கு வயரிங் ஹார்னஸ் என்று பெயர். அதைத் தனியாகப் பெட்டியில் அடைத்து அமெரிக்காவில் இறக்கினால் அடிப்படைச் சுங்க வரி 5 சதவீதம். அதே கம்பிக் கட்டு ஒரு காருக்குள் பொருத்தப்பட்டுக் காரோடு காராக வந்து இறங்கினால் 2.5 சதவீதம்தான். பால் பேரிங்குக்கு 9 சதவீதம். சக்கரத்தோடு சேர்ந்து காரின் பகுதியாகிவிட்டால் அதற்கும் 2.5. பொருள் மாறவில்லை, எடை மாறவில்லை, செய்த நாடும் மாறவில்லை. பெயர் மாறியது, வரி மாறிவிட்டது.

இந்த முரணில் அடிபடுவது யார் என்று பார்த்தால் வியப்பு இன்னும் கூடும். ஜெர்மனியில் முழுதாகச் செய்து முடித்த காருக்கு அடிப்படை வரி குறைவு. அமெரிக்க மண்ணில் ஆலை கட்டி, அமெரிக்கத் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுத்து, உதிரிபாகங்களில் சிலவற்றை மட்டும் வெளியிலிருந்து வாங்குகிறவர் அவற்றுக்குக் கூடுதல் வரி கட்டுகிறார். உள்நாட்டுத் தொழிலைக் காப்பதற்காக எழுதிய அட்டவணையே உள்நாட்டில் ஆலை வைத்திருப்பவரைத் தண்டிக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல இது. ஒவ்வொரு பொருளின் விகிதமும் தனித்தனிப் பேரத்தில், தனித்தனிக் காலத்தில் முடிவாகி அட்டவணையில் ஏறியிருக்கிறது. மூலப்பொருளுக்கு அதிகம், முடித்த பொருளுக்குக் குறைவு என்ற இந்த நிலையைத் தொழில் வட்டாரத்தில் தலைகீழ் வரி என்பார்கள். ஜி.எஸ்.டி. வந்த பிறகு நம் ஊர் ஜவுளிக்காரர்களுக்கும் பழகிப்போன சொல்தான்.

அட்டவணையைத் திருத்துவது அரசியல் வேலை, ஆண்டுக்கணக்கில் இழுக்கும். ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் ஏற்கெனவே வேறொரு வழி இருந்தது. ஆலையைச் சுற்றி ஒரு கோடு போட்டு, சுங்க வரியைப் பொறுத்தவரை இந்தக் கோட்டுக்குள் இருப்பது அமெரிக்காவே அல்ல என்று சொல்லிவிடுவது. இதுதான் அயல் வாணிப மண்டலம். உள்ளே தொழிலாளர் சட்டம் உண்டு, சுற்றுச்சூழல் சட்டம் உண்டு, போலீஸ் உண்டு, வருமான வரி உண்டு. சுங்க வரிக்கு மட்டும் அது வெளிநாடு.

இந்த யோசனை பிறந்தபோது ஆலைகளை யாரும் மனத்தில் வைத்திருக்கவில்லை. 1930-இல் ஸ்மூட்–ஹாலி சட்டம் அமெரிக்க இறக்குமதி வரிகளை மிக உயரத்துக்கு ஏற்றிவிட்டது. வெளிநாட்டுச் சரக்கை இறக்கி, பிரித்துக் கட்டி, மறுபடி வேறு நாட்டுக்கு அனுப்பும் வியாபாரம் அந்த வரிச்சுவரில் முட்டி நின்றது. ஐரோப்பாவிலோ ஹாம்பர்க் துறைமுகத்தில் 1888 முதல் சுங்கத்துக்கு அப்பாற்பட்ட பகுதி ஒன்று இயங்கிக்கொண்டிருந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் எமானுவேல் செல்லர் அதைப்போல அமெரிக்காவிலும் வேண்டும் என்று மசோதாவைக் கொண்டுவந்தார். 1934 ஜூனில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். 1937-இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் முதல் மண்டலம் திறந்தது. சரக்கை வைக்கலாம், தரம் பிரிக்கலாம், மறுபடி கட்டலாம். உற்பத்தி மட்டும் கூடாது என்பது விதி. 1950-இல் காங்கிரஸ் அந்தத் தடையை நீக்கியது. அதன் பிறகு, மண்டலம் துறைமுகத்திலேயே இருக்க வேண்டியதில்லை, தூரத்து ஆலையையே துணை மண்டலமாக அறிவிக்கலாம் என்ற வழியும் திறந்தது. அப்படியும் 1970 வரை விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மண்டலங்கள் இருந்தன. இன்று எண் கொடுக்கப்பட்டவை 250-க்கு மேல்.

இடையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லுமுன் ஒரு ஆலைக்குள் போய்ப் பார்த்துவிடலாம்.

தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க் அருகே 1994 முதல் பி.எம்.டபிள்யூ. கார் ஆலை இயங்குகிறது. மண்டல ஆவணங்களில் அது 38ஏ எண் கொண்ட துணை மண்டலம். சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னர்கள் ரயிலில் ஏறி, ஏறத்தாழ 340 கிலோமீட்டர் உள்ளே, கிரீர் என்ற ஊரின் உள்நாட்டுத் துறைமுகத்துக்கு வருகின்றன. ஆலை பக்கத்திலேயே இருக்கிறது. கடலிலிருந்து இவ்வளவு தூரம் வந்த பெட்டிக்கு இன்னும் ஒரு காசு வரி கட்டியிருக்க வேண்டியதில்லை. துறைமுகத்திலிருந்து மண்டலத்துக்குப் பிணையின் பேரில் கொண்டுவரலாம்.

மண்டலத்துக்குள் எடுக்கும்போது சுங்கத் துறைக்கு 214 எண் படிவம் போக வேண்டும். அதில் சரக்கின் விவரத்தோடு அதன் நிலையையும் குறிக்க வேண்டும். இந்த ஒரு கட்டத்தில் எழுதும் எழுத்துதான் முழு விளையாட்டையும் தீர்மானிக்கிறது. அயல் சரக்குக்கு முக்கியமாக இரண்டு நிலைகள். முதல் நிலையில், உள்ளே நுழையும் நாளில் சரக்குக்கு என்ன பெயர், என்ன விகிதமோ அதையே பூட்டிவிடுகிறார்கள். பிறகு அதை உருக்கினாலும், அறுத்தாலும், இன்னொன்றில் பொருத்தினாலும் நாட்டுக்குள் போகும்போது பழைய விகிதம்தான். இரண்டாம் நிலையில் பூட்டு கிடையாது. மண்டலத்தை விட்டு வெளியேறும் நாளில் அது என்னவாக இருக்கிறதோ அந்தப் பெயருக்குரிய விகிதம். ஒருமுறை பூட்டினால் பூட்டியதுதான். மனம் மாறித் திறக்க வழியில்லை.

வயரிங் ஹார்னஸ் பெட்டியைப் பூட்டாமல் உள்ளே எடுப்பார்கள். காராக வெளியே போகும்போது 5 இருந்த இடத்தில் 2.5. எலக்ட்ரானிக் சில்லுகளுக்கோ தனியாக வந்தால் அடிப்படை வரியே இல்லை. அவற்றைப் பூட்டாமல் விட்டால் காரோடு சேர்ந்து 2.5 ஆகிவிடும். ஆகவே அந்தப் பெட்டியைப் பூட்டுவார்கள். ஒரே காருக்குள் போகும் ஆயிரக்கணக்கான பாகங்களில் ஒவ்வொன்றுக்கும் இப்படித் தனித்தனியாக முடிவெடுக்கலாம். பதிலுக்கு ஒவ்வொரு பாகமும் எப்போது வந்தது, எந்த நிலையில் வந்தது, எந்தக் காரில் போனது என்று கணக்குக் காட்ட வேண்டும். முதலில் வந்தது முதலில் போனதாகக் கொள்ளும் இருப்புக் கணக்கு, பிணைப் பத்திரம், சுங்கத் தணிக்கை எல்லாம் அதற்காகத்தான். இந்தக் கணக்கு வைக்கும் செலவே சிறிய தொழிற்சாலைகளை மண்டலத்தின் பக்கம் வரவிடாமல் தடுக்கிறது.

கணக்குக்காக ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அதில் 10,000 டாலர் மதிப்புக்கு அயல் பாகங்கள், அவற்றின் வரி சராசரியாக 4 சதவீதம் என்று வைத்தால் 400 டாலர். மண்டலம் வழியாகப் போனால் 250. மிச்சம் 150 டாலர். ஆண்டுக்கு ஒரு லட்சம் கார் உள்நாட்டில் விற்கும் ஆலைக்கு அது ஒன்றரைக் கோடி டாலர். வரி கட்டும் நாள் தள்ளிப்போவதால் மிஞ்சும் வட்டி இதில் சேரவில்லை.

இங்கே ஒரு கேள்வி வர வேண்டும். கார் மண்டலத்திலிருந்து வெளியே வரும்போது அது வெளிநாட்டிலிருந்து வந்ததாகக் கணக்கு என்றால், காரின் முழு விலைக்குமல்லவா 2.5 சதவீதம் போட வேண்டும்? அமெரிக்கத் தொழிலாளியின் கூலி, மின்சாரம், முதலாளியின் லாபம் எல்லாவற்றுக்கும் சேர்த்து? அப்படிப் போட்டால் மண்டலத்தால் லாபத்தைவிட நஷ்டம்தான் அதிகம். 1980-இல் சுங்கத் துறை இதைத் தெளிவாக்கியது: மண்டலத்துக்குள் சேர்ந்த கூலிக்கும் செலவுக்கும் லாபத்துக்கும் வரி இல்லை. முடித்த பொருளின் விகிதம், ஆனால் அயல் பாகத்தின் மதிப்பு மீது மட்டும். முன்பு பாதி வழியில் நின்ற திட்டத்துக்கு உயிர் வந்தது இந்த முடிவால்தான் என்பது என் கருத்து. கார் ஆலைகள் வரிசையாக மண்டலங்களாயின.

இந்தியாவின் சிறப்புப் பொருளாதார மண்டலத்தையும் இதையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. தாம்பரத்தில் மெப்ஸ் மண்டலத்துக்குள் இருக்கும் ஒரு நிறுவனம் தன் பொருளை வெளியே சென்னையில் விற்றால், 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30-ஆம் பிரிவுப்படி அது வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானதுபோல வரி. உள்ளே சேர்ந்த நம் தொழிலாளியின் உழைப்புக்கும் சேர்த்துத்தான். பயன்படுத்திய அயல் மூலப்பொருளுக்கு மட்டும் வரி போடுங்கள் என்று மண்டலத் தொழில்துறையினர் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். நியாயமான கோரிக்கை. இங்கே மண்டலம் ஏற்றுமதிக்கென்றே வகுக்கப்பட்டது. அமெரிக்காவில் அதே வேலி உள்நாட்டுச் சந்தையை நோக்கித் திரும்பியிருக்கிறது.

மருந்துத் தொழிலில் இந்த விளையாட்டு இன்னும் கூர்மையானது. 1990-களின் நடுவில் வந்த உலக வர்த்தக உடன்பாட்டால் முடித்த மருந்துகளுக்கு அமெரிக்காவில் அடிப்படை வரி இல்லாமல் போனது. மூலக்கூறுகளில் பெரும்பாலானவையும் வரியற்ற பட்டியலில் சேர்ந்தன. பட்டியலில் இன்னும் ஏறாத புதிய மூலக்கூறுக்கு 6.5 சதவீதம் வரை போகலாம். விலை உயர்ந்த பொடி ஒன்று பீப்பாயில் வந்து, மண்டலத்துக்குள் மாத்திரையாகி வெளியேறினால் அடிப்படை வரி பூஜ்யம்.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளோ பூட்டைப் பெரும்பாலும் நேர்மாறாகப் பயன்படுத்துகின்றன. கச்சா எண்ணெய்க்கு அதன் அடர்த்தியைப் பொறுத்து பீப்பாய்க்கு 5.25 அல்லது 10.5 சென்ட். பெட்ரோலுக்கு 52.5 சென்ட். பூட்டாமல் விட்டால் கெட்டது கதை. எனவே பெட்ரோலாகப் போகும் பங்கைக் கச்சா விகிதத்திலேயே பூட்டுகிறார்கள். வரியில்லாத சில பெட்ரோகெமிக்கல் மூலப்பொருள்களாகவும் துணைப்பொருள்களாகவும் போகும் பங்கை மட்டும் பூட்டாமல் விட அனுமதி வாங்குகிறார்கள். ஒரே கப்பலில் வந்த ஒரே எண்ணெய் இரண்டு சட்ட நிலைகளோடு குழாய்க்குள் ஓடுகிறது! சென்ட் கணக்கு சிறிதாகத் தெரியலாம். ஒரு நாளைக்குப் பல லட்சம் பீப்பாய் ஓடும் ஆலைக்கு அது சிறிதல்ல.

சில பயன்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். வெளியே ஏற்றுமதியாகும் பொருளுக்கு அமெரிக்க வரியே இல்லை, ஏனென்றால் அது சுங்க எல்லைக்குள் நுழையவே இல்லை. ஸ்பார்டன்பர்க் கார்களில் பெரும் பங்கு ஏற்றுமதிதான். கனடா, மெக்சிகோவுக்குப் போகும் பொருளுக்கு மட்டும் வர்த்தக ஒப்பந்தம் இந்த வாசலை ஏறக்குறைய அடைத்துவிட்டது. வாரம் முழுவதும் வெளியேறிய சரக்குக்கு ஒரே இறக்குமதிப் பத்திரம் போடலாம் என்பதால், பத்திரத்துக்குப் பத்திரம் உச்சவரம்போடு வசூலாகும் நடைமுறைக் கட்டணமும் பல மடங்கு குறையும்.

இத்தனையையும் கேட்டால் சட்டத்தில் ஓட்டை போட்டது போலத் தோன்றலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. முடித்த காருக்கு அரசே நிர்ணயித்த விகிதத்தைத்தான் உள்ளூர் ஆலையும் கட்டுகிறது. ஆனால் இதில் இழப்பவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவிலேயே பேரிங் செய்பவருக்கு அந்த 9 சதவீதம்தான் காப்பு. மண்டலம் அதை 2.5 ஆக்கும்போது அவர் வாங்கும் அடி உண்மையானது. அதனால்தான் வணிக அமைச்சரும் நிதி அமைச்சரும் உறுப்பினர்களாக உள்ள மண்டல வாரியத்தின் முன் உற்பத்தித் திட்டத்தைத் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்படுகிறவர்கள் கருத்துச் சொல்லலாம். எதிர்ப்பு வலுவாக இருந்தால் வாரியம் நிபந்தனை போடும். கப்பல் கட்டும் தளங்களுக்கு நெடுநாளாக ஒரு நிபந்தனை இருக்கிறது: வெளிநாட்டு உருக்குத் தகட்டுக்கு முழு வரி கட்ட வேண்டும், கப்பலுக்குள் மறைத்துக் கொண்டுபோக முடியாது. துணி வகைகளிலும் பலமுறை பூட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள்.

2018-இல் அதே பூட்டு அரசின் கைக்குப் போனது. சீனப் பொருள்கள் மீது கூடுதல் வரிகள் வந்தபோது, அந்தப் பொருள்கள் மண்டலத்துக்குள் வந்தால் கட்டாயமாகப் பூட்டிய நிலையில்தான் வர வேண்டும் என்று ஆணை போட்டார்கள். 2025-இல் வந்த வரி ஆணைகளிலும் அதே விதி. பேரிங்கைக் காராக்கினாலும் கூடுதல் வரி விடாது. ஏற்றுமதிக்கு மட்டும் பழைய விலக்கு இருக்கிறது.

பூட்டு அந்த நாளின் விகிதத்தையும் சேர்த்துப் பூட்டுகிறது. கூடுதல் வரி உச்சத்தில் இருக்கும் வாரத்தில் உள்ளே எடுத்த பெட்டி, அடுத்த மாதம் வரி இறங்கினாலும் உச்ச வரியைத்தான் கட்டும். சுங்கப் பிணைக் கிடங்கில் வைத்த சரக்குக்கோ வெளியே எடுக்கும் நாளின் விகிதம். அதனால் 2025-இல் இறக்குமதியாளர்கள் பலர் கிடங்குகளின் பக்கம் திரும்பினார்கள். அங்கே ஐந்து ஆண்டு வரை காத்திருக்கலாம். கார் செய்ய முடியாது.