மூடுபனியிலும் வியர்க்கிறதா? நாற்பத்தைந்தைத் தொடும் தாய்மார்களுக்கு

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,500 அடி. சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளம். ஏலத்தோட்டங்களில் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் தினமும் காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து இந்த வழியாகத்தான் போகிறார்கள். பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று பிரிந்து போய் வேலை செய்துவிட்டு, மாலையில் அதே பாதையில் இறங்குகிறார்கள்.

சால்வை போர்த்தியிருக்கும் கூட்டத்தில் ஓர் அம்மாள் மட்டும் திடீரென்று ஸ்வெட்டரைக் கழற்றுகிறார். முகமும் கழுத்தும் தீயாய் எரிகின்றன. வியர்வை வழிகிறது. சில நிமிடங்களில் எல்லாம் அடங்கி, உடம்பு குளிரில் நடுங்குகிறது. பக்கத்தில் இருப்பவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சலா அக்கா?" என்கிறார். காய்ச்சல் இல்லை. மாதவிலக்கு நிற்கப் போகும் காலத்தில் பல பெண்களுக்கு இப்படி வருவதுண்டு.

"தீட்டு நின்னு போச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவதே நம் வழக்கம். அதற்கு முன்னும் பின்னும் சில ஆண்டுகள் உடம்பு படும் பாட்டை வீட்டில் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னாலும், "வயசானால் அப்படித்தான்" என்ற பதில்தான் வரும்.

உடம்பில் என்ன நடக்கிறது?

தொடர்ந்து 12 மாதங்கள் விலக்கு வரவில்லை என்றால் அது நின்றுவிட்டது என்று டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள். மேலை நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் நடக்கிறது. நம் நாட்டில் அதற்கு முன்பே, 46, 47 வயதை ஒட்டி வந்துவிடுகிறது. சினைப்பையில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு குறைவதுதான் காரணம். உடம்பின் சூட்டைக் கவனிக்கும் மூளைப் பகுதி அதனால் தடுமாறி, சூடே இல்லாதபோதும் "சூடு அதிகம், வியர்வையை விடு" என்று கட்டளையிடுகிறது. மூடுபனியில் வியர்ப்பதற்கு வேறு மர்மம் இல்லை.

நம் பெண்களில் பலருக்கு இந்த எரிச்சலைவிட மூட்டு வலியும் அசதியும் தூக்கம் கெடுவதும்தான் பெரிய தொல்லை. எரிந்து விழுவது, காரணமில்லாமல் அழுகை வருவது, மறதி எல்லாம் இதோடு சேர்ந்து வரலாம். ஒன்றுமே தெரியாமல் இந்தக் காலத்தைக் கடந்துவிடுகிறவர்களும் உண்டு.

எத்தனை நாள் இருக்கும்? அமெரிக்கப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2015-ம் ஆண்டு வெளியானது. அடிக்கடி எரிச்சல் வருகிறவர்களுக்கு அது சராசரியாக 7 ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது என்கிறது அந்த ஆய்வு. ஆகவே "நாலு நாளில் சரியாகிவிடும்" என்று பல்லைக் கடித்துக் கொண்டிருப்பதில் பயனில்லை.

லேகியம் வேண்டாம்

பஸ் ஸ்டாண்டில் விற்கும் பெயர் இல்லாத பொடிகளையும் லேகியங்களையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். "இயற்கை" என்று சீட்டு ஒட்டியதெல்லாம் நல்லது என்று ஆகிவிடாது. வட அமெரிக்காவில் இத்துறை டாக்டர்களின் சங்கம் 2023-ம் ஆண்டு, ஹார்மோன் இல்லாத வழிகளை எல்லாம் அலசிப் பார்த்தது. மூலிகை மாத்திரைகளையும் சோயா மாத்திரைகளையும் அது இந்த எரிச்சலுக்குச் சிபாரிசு செய்யவில்லை. பருமனாக இருப்பவர்கள் எடையைக் குறைப்பதையும், மனத்தைப் பழக்கும் சிகிச்சையையும் ஏற்றுக் கொண்டது. எடைச் சங்கதி தோட்டத்தில் நாள் முழுவதும் குனிந்து நிமிரும் பெண்களுக்குப் பொருந்தாது. நாற்காலியிலும் வீட்டிலும் பொழுது போக்கும் நம் குமாஸ்தாக் குடும்பத்துப் பெண்களுக்குத்தான் அது. அவர்கள் தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கலாம்.

கேப்பையும் எள்ளும்

விலக்கு நின்ற சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகத் தேய்கிறது. அந்தப் பருவத்துப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ம் ஆண்டு சொன்னது. 100 கிராம் அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவுதான். அதே எடை கேப்பையில் 340-க்குக் குறையாது. எள்ளில் 1,000-க்கும் மேல். முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் சிறு மீன், மோர் ஆகியவற்றிலும் நிறைய உண்டு.

மதியத்துக்குத் தூக்குவாளியில் வெறும் சோறும் ரசமும் கொண்டு போகிறவர்கள், வாரத்தில் நாலு நாளாவது கேப்பைக் களியோ கூழோ சேர்த்துக் கொள்ளலாம். நம் பாட்டிமார் சாப்பிட்டதுதான். ரேஷன் அரிசி வந்தபின் கேப்பையை ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கிவிட்டோம். இன்று நகரத்துக் கடைகளில் அதையே பாக்கெட்டில் போட்டுக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள்!

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். அது தோலில் வெயில் படுவதால் உண்டாகிறது. நாள் முழுவதும் வெளியில்தானே வேலை என்று நினைப்போம். ஆனால் ஏலம் நிழலில் வளரும் பயிர். மேலே மரக்கூட்டம், அதற்கு மேல் மேகம், உடம்பைச் சுற்றி முழுக்கைச் சட்டை. விடுமுறை நாளில் கை கால்களில் வெயில் படச் சற்று நேரம் இருப்பது நல்லது.

எரிச்சல் வருகிறவர்கள் தலைவழியே மாட்டும் ஸ்வெட்டரை விட்டு, பொத்தான் வைத்ததைப் போடுங்கள். சட்டென்று திறக்க வரும். உள்ளே பருத்தி உடுத்துங்கள். மழைக்குப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கொள்வது சூட்டை உள்ளே அடைத்துவிடும். ஓய்வு நேரத்தில் கழற்றி வையுங்கள். கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் டீயும் அதிகக் காரமும் சிலருக்கு எரிச்சலைக் கிளப்பும். யாருக்கு எது என்பதை அவரவர்தான் கவனிக்க வேண்டும். மாலைக்கு மேல் டீ குடிக்காமல் இருந்தால் தூக்கத்துக்கும் நல்லது. புகையிலை போடும் பழக்கத்தை இந்த வயதிலாவது விட்டுவிட வேண்டும்.

தண்ணீர் குடிக்காத பெண்கள்

இத்தனை புத்திமதியும் சொல்லலாம். ஆனால் ஒதுங்க இடம் இல்லாத தோட்டத்தில், காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிற பெண்ணுக்கு எந்தப் புத்திமதி உதவும்? ஈஸ்ட்ரோஜன் குறையும்போது சிறுநீர்ப் பாதையின் உட்தோல் மெலிந்து வறண்டு போகிறது. நோய்க்கிருமி எளிதில் பற்றும். அந்தச் சமயத்தில் தண்ணீரைக் குறைத்து, வருகிறதையும் அடக்கினால் நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வரும். இருமினால், தும்மினால், ஜீப் குலுங்கினால் சிறுநீர் கசிவதும் இந்த வயதில்தான் அதிகம். வெட்கத்தால் யாரும் சொல்வதில்லை.

கசிவுக்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு. சிறுநீரைப் பாதியில் அடக்குவது போல அடிவயிற்றுக்குக் கீழுள்ள தசையை இறுக்கி, 5 எண்ணும்வரை வைத்திருந்து தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு 10 முறை. நாளைக்கு மூன்று தடவை. மூச்சை அடக்கக் கூடாது. செலவில்லை, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. ஜீப்பில் உட்கார்ந்தபடியே செய்யலாம். மூன்று மாதம் விடாமல் செய்தால் பலன் தெரியும்.

கழிப்பிடம் வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பது அல்ல. தோட்டத் தொழிலாளருக்குக் கழிப்பிடம், குடிநீர், மருத்துவ வசதி தர வேண்டும் என்று 1951-ம் ஆண்டுச் சட்டமே சொன்னது. 2020-ம் ஆண்டு வந்த தொழிற் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அது சேர்க்கப்பட்டது. 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், தாங்களே திரண்டு 20 சதவீதம் போனஸ் வாங்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். போனஸ் கேட்ட வாய் கழிப்பிடமும் கேட்கலாம்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. இரவில் வியர்த்து இரண்டு முறை எழுந்தவர்தான் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுகிறார். அவர் எரிந்து விழுந்தால் பதிலுக்குச் சத்தம் போடாமல், தண்ணீர் பிடிப்பது, காய் நறுக்குவது, பிள்ளைகளை எழுப்புவது ஆகியவற்றை நீங்கள் எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கத்துக்கு ஈடான லேகியம் கடையில் இல்லை.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

விலக்கு நின்று ஓர் ஆண்டுக்குப் பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும். கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக அது இருக்கக் கூடும். நிற்பதற்கு முன் அளவுக்கு மீறிப் போனாலும் காட்ட வேண்டும், இரத்தசோகை வந்துவிடும். 40 வயதுக்கு முன்பே நின்றுவிட்டால் அதையும் சும்மா விடக் கூடாது. தைராய்டு கோளாறும் இதே போல வியர்வையும் படபடப்பும் தரும், பரிசோதித்தால்தான் தெரியும். தாங்க முடியாத எரிச்சலுக்கு ஹார்மோன் சிகிச்சையும் உண்டு. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று டாக்டர் பார்த்துச் சொல்வார்.

"தொல்லைதானே, கருப்பையை எடுத்துவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரையும் கேளுங்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் கூலிப் பெண்கள் ஏராளமானோர் இளம் வயதிலேயே கருப்பையை எடுத்துக் கொண்ட செய்தி 2019-ம் ஆண்டு நாட்டையே உலுக்கியது. சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால், படிப்படியாக வர வேண்டிய இந்தத் தொல்லை எல்லாம் ஒரே நாளில் வந்து சேரும்.

மலையாளம் தெரியாததால் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குகிறவர்கள் இரண்டு சொற்களை நினைவில் வைத்துக் கொண்டால் போதும். மாதவிலக்கை அவர்கள் "ஆர்த்தவம்" என்பார்கள். அது நின்றுபோவதை "ஆர்த்தவ விராமம்" என்பார்கள். அரசு குடும்ப சுகாதார நிலையத்தில் சீட்டு எடுக்கும்போதே இதைச் சொல்லிவிடலாம். கடைசியாக விலக்கு வந்த தேதியை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.